வெளிச்சம் எத்தனை கிலோ?

சமீபத்தில் ஒரு டார்ச் வாங்கினேன். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ‘20,000 எம்.சி.டி.!’ என்று போட்டிருந்தது. ‘‘ஒரு கிலோமீட்டர் அடிக்கும் சார்’’ என்றார் கடைக்காரர். விலை 350 ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரியே கரன்ட் போனது. கொல்லைப் பக்கம் போன அம்மா, படி தெரியாமல் தடுக்கி விழுந்தார். கையில் அந்த 20,000 எரிந்துகொண்டுதான் இருந்தது! நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

எனக்கு வந்த கோபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் பி.காம். பௌதிகம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால், கணக்கில் கள்ளத்தனம் இருந்தால் மோப்பம் பிடிக்கத் தெரியும்.

வெளிச்சத்துக்கு இரண்டு அளவுகள் இருக்கின்றன. விளக்கு எல்லாப் பக்கமும் சேர்த்துக் கொட்டுகிற மொத்த வெளிச்சம், லூமென். ஒரு குறிப்பிட்ட திசையில் அது எத்தனை செறிவாகப் போகிறது என்பது, கேண்டெலா. தோட்டத்து ஓஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைக் கட்டை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும். அதனால் குடம் சீக்கிரம் நிறைந்துவிடுமா என்ன? ஒரு சொட்டுகூட அதிகம் வராது.

இப்போது பெட்டிக்கு வருவோம். எம்.சி.டி. என்றால் மில்லி கேண்டெலா. கேண்டெலாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, என் 20,000 என்பது வெறும் 20 கேண்டெலா. மாதம் 2,000 ரூபாய் சம்பளக்காரர் ‘எனக்கு ரெண்டு லட்சம்’ என்று பைசாவில் சொல்லிப் பெண் கேட்டால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

இன்னும் கேளுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று சுவரில் டார்ச் அடித்து அளந்தேன். வட்டம் 26 சென்டிமீட்டர். அதாவது கதிர் விரிவது 15 டிகிரி. கூம்புக் கணக்கில் அது 0.054 ஸ்டெரேடியன். கேண்டெலாவை அதால் பெருக்கினால் லூமென் வந்துவிடும். 20 பெருக்கல் 0.054... சுமார் 1 லூமென்! ஒரு சாதா மெழுகுவர்த்தியே எல்லாப் பக்கமும் சேர்த்து 12 லூமென் தரும், சாமி!

சரி, அந்த ஒரு கிலோமீட்டர்? 2009-ல் அமெரிக்காவில் டார்ச்சுகளுக்கு ஒரு தரநிர்ணயம் கொண்டுவந்தார்கள். பௌர்ணமி நிலா அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் வெளிச்சம் எதுவரை விழுகிறதோ, அதுதான் டார்ச்சின் தூரம். அந்தக் கணக்கில் என் டார்ச் எட்டுவது 9 மீட்டர். ஒரு கிலோமீட்டர் போக 2,50,000 கேண்டெலா வேண்டும்.

பல்பு கதையும் இதேதான். ‘‘எத்தனை வாட்?’’ என்று கேட்டு வாங்குகிறோம். வாட் என்பது செலவு, லூமென்தான் வரவு. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது 700 லூமென் சொச்சம். நல்ல 9 வாட் எல்.இ.டி. தருவது 900. செலவுக் கணக்கை மட்டும் பார்த்து எவராவது கம்பெனி வாங்குவாரா?

கேண்டெலாவே பித்தலாட்டம் என்று சொல்லவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு அது வேண்டும். தூரத்தைப் பார்க்க வேண்டிய காவலாளிக்கும் வேண்டும். ஆனால், நடுராத்திரியில் மோட்டார் போட வயலுக்குப் போகிற விவசாயிக்கு அரை ஃபர்லாங் தள்ளி நிற்கும் பனைமரம் எதற்கு? காலடியில் கிடக்கும் பாம்பு தெரிய வேண்டும். அவருக்குத் தேவை அகலமான வெளிச்சம். அதை மறைத்து வெறும் எண்ணைக் காட்டி விற்பது, அவர் உயிரோடு விளையாடுவது.

அரிசிக்குக் கிலோ, எண்ணெய்க்கு லிட்டர் போடச் சொல்கிறது சட்டம். டார்ச் பெட்டியில் ‘எண்ணிக்கை: 1’ என்று போட்டால் போதும் என்று விட்டுவைத்திருக்கிறோம். எத்தனை லூமென், எத்தனை டிகிரி. இந்த இரண்டையும் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சடிக்கக் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை நீங்களாவது கடையில் வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் போய்க் கேட்டேன். ‘‘லூமெனா? அந்த கம்பெனி மால் நாங்க வைக்கிறதில்ல சார்!’’ என்றார்.

பத்துப் பேர் கேட்டால் வைப்பார்.