காவல்காரனே திருடனுக்குத் துணை போனால்..?

‘பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?’ - டெங்கு சீசன் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி இது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய இந்தத் தட்டணுக்கள்தான், காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் ஓடிவந்து ரத்தத்தை நிறுத்துகிற காவல்காரர்கள். இவர்களே புற்றுநோய்க்கும் துணை போகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும்! கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் கலக்கிற புற்று செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். ஆனால், சில வகைப் புற்று செல்களின் மேற்பரப்பில் ‘போடோபிளானின்’ என்றொரு புரதம் இருக்கிறது. தட்டணுவின் மேலுள்ள ‘கிளெக்-2’ என்ற புரதத்தோடு இது பூட்டும் சாவியுமாகப் பொருந்திக்கொள்ளும். அவ்வளவுதான்... தட்டணுக்கள் கூட்டமாகச் சேர்ந்து புற்று செல்லைப் போர்வை மாதிரி மூடிவிடும். நோய் எதிர்ப்பு செல்களிடம் சிக்காமல் அது வேறு உறுப்பில் போய்க் குடியேறும். எலிகளின் தட்டணுக்களைக் குறைத்தால் புற்று பரவுவதும் குறைகிறது என்பதை 1968-லேயே கண்டறிந்தார்கள்.

‘அப்படின்னா, தட்டணுவை அடக்குகிற ஆஸ்பிரினை தினம் ஒண்ணு போட்டுக்கலாமே!’ என்று மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்ல வந்ததே அதைத்தான். தட்டணுவைத் தூண்டிவிடப் பல வழிகள் உண்டு. ஆஸ்பிரின் அடைப்பது அதில் ஒன்றைத்தான். தவிர, காவல்காரனை முடக்கிவிட்டால் வீட்டுக்கு யார் காவல்?

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமான முதியவர்கள் 19,000 பேருக்கு மேல் பங்கேற்ற ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான ரத்தக்கசிவு அதிகம். புற்றுநோய் மரணமாவது குறைந்ததா? இல்லை, சற்றுக் கூடியிருந்தது!

குறிப்பிட்ட மரபணு மாற்றமுள்ள குடல் புற்றுநோயில், ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த ஆஸ்பிரின் நோய் திரும்புவதைக் குறைத்ததாக 2025-ல் ஓர் ஆய்வு வந்தது நிஜம். ஆனால், அது சோதித்துப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டு மாமா சொல்லிச் சாப்பிடுகிற மாத்திரை அல்ல.

இதயத்துக்காக டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். புற்றுநோய் வராதிருக்க என்று நீங்களாக ஆரம்பிக்கவும் செய்யாதீர்கள். காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்றால், ஆஸ்பிரினைத் தொடவே தொடாதீர்கள்!