இடுப்பு வலியும் கைப்பிடியின் நீளமும்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன கிராமங்களில் தறியும் கழனியும் அக்கம்பக்கம். குழித்தறியில் நெய்பவர் கால்களைக் குழிக்குள் விட்டு, முதுகுக்குச் சாய்மானம் இன்றி நாள் முழுவதும் முன்பக்கம் வளைந்தே உட்காருகிறார். நடவிலும் களையிலும் நிற்கும் பெண்கள் மணிக்கணக்கில் இடுப்பை மடித்தபடியே நகருகிறார்கள். தொழில் வேறானாலும் இடுப்பு படும் பாடு ஒன்றே. வயதாகிவிட்டது, வாயு பிடித்துவிட்டது என்று தைலம் தேய்ப்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது.

குனியும்போது மேலுடம்பின் பாரத்தைக் கீழ் முதுகின் தசைகளும், எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளும் தாங்குகின்றன. குனிந்து நிமிர்வதால் கேடில்லை. நிமிராமலே நிற்பதுதான் கேடு. ஆகவே குனிய வைக்கும் கருவியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக் காய்கறி வயல்களில் ஏறக்குறைய ஒரு முழக் கைப்பிடி கொண்ட களைக்கொத்தைத்தான் கூலியாட்களுக்குக் கொடுத்து வந்தார்கள். முதுகு போகிறது என்று ஆட்கள் வழக்காடினார்கள். நீளக் கைப்பிடி கொடுத்தால் வேலை சுத்தமாக இராது என்பது முதலாளிகள் வாதம். 1975-ல் அந்தக் கருவி அங்கே தடை செய்யப்பட்டது. அதனால் அங்கே சாகுபடி ஒன்றும் நின்றுவிடவில்லை.

நம் வேர்க்கடலைக் கொல்லைகளில் இன்னும் அதே குட்டைப் பிடிதான். கருவியை வாங்குபவர் ஆண், பிடிப்பவர் பெண் என்பதே இதற்குக் காரணம் என்று சொன்னால் தவறாகாது. தோள் உயரத்துக்கு ஒரு நல்ல கழியைப் பிடியாகப் போட என்ன பெரிய செலவு?

நெல்லுக்குக் கோனோவீடர் உண்டு. கயிறு பிடித்து 22.5 முதல் 25 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நட்டிருந்தால்தான் அது ஓடும். நட்ட 10-ஆம் நாளிலிருந்து, வயலில் தண்ணீரை மெல்லியதாக வைத்து, நிமிர்ந்தபடியே தள்ளலாம். ஆழச் சேற்றில் கருவி கனக்கும் என்ற குறை உண்மையே. அத்தகைய கழனிகளில் ஆட்கள் அடிக்கடி நிமிர்ந்து கொள்ள விட வேண்டும். அதைச் சோம்பல் என்று ஏசக் கூடாது.

அடுத்தது மூட்டை. வயது வந்த ஆண் தொழிலாளி சுமக்க 55 கிலோவே உச்சம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை போதுமென்றால் வியாபாரிக்கு மட்டும் 75 கிலோ எதற்கு? யூரியா மூட்டை 2018-ல் 50-லிருந்து 45 கிலோவானது உரச் சிக்கனத்துக்காக. முதுகுக்கும் அதில் லாபமே. எந்த மூட்டையானாலும் முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கும்போதே இடுப்பைத் திருப்பக் கூடாது. கனமானால் இருவர் பிடிக்கலாம்.

வலி வந்தபின் வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல, முடிந்தவரை நடமாடலாம். ஆனால் கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக் கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, சுளுக்கெடுப்பவரிடம் நாளைக் கடத்தாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.