மூன்று வார உழைப்பு, ஒரு நொடியில் காலி! மைன்கிராஃப்ட் உலகத்தை உருவாக்கும் முன்...

வைரம் தேடிச் சுரங்கத்துக்குள் இறங்கிய பையன், எரிமலைக் குழம்பில் தவறி விழுகிறான். மூன்று வாரமாகச் சேர்த்த கவசம், வாள், வைரங்கள் எல்லாம் போச்சு. மொபைலை சோபாவில் வீசிவிட்டு அழுகிறான். “கேம்தானே, திரும்ப ஆடு” என்கிறார் அம்மா. அழுகை இன்னும் கூடுகிறது.

மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-ல் உருவாக்கத் தொடங்கிய இந்த கேம், 2011-ல் முழுமையாக வெளியானது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் இதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. விற்பனை 30 கோடியைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பேர் ஆடியும், புது உலகம் உருவாக்கும்போது வரும் செட்டிங்ஸ் பக்கத்தைப் பலரும் படிக்காமலேயே தாண்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் அழுகைகளில் பாதியை அங்கேயே தடுத்துவிடலாம்.

எந்த மோடு?

கிரியேட்டிவ் மோடில் எல்லாக் கட்டைகளும் கையில் இருக்கும், பறக்கலாம், அடிபட்டுச் சாக வேண்டியதில்லை. வீடு கட்டிப் பார்க்க ஆசைப்படும் சின்னக் குழந்தைகளுக்கு இதுவே போதும். சர்வைவலில் மரம் வெட்டுவதில் தொடங்கி எல்லாவற்றையும் தானே தேட வேண்டும். ஹார்ட்கோரில் ஒரே ஓர் உயிர். செத்துவிட்டால் அந்த உலகத்தைச் சுற்றிப் பார்க்கலாமே தவிர, விளையாட முடியாது. பழகாதவர்கள் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

எவ்வளவு கஷ்டம்?

பீஸ்ஃபுல் நிலையில் ஸோம்பி, கிரீப்பர் தொல்லை இல்லை, பசியும் எடுக்காது. ஆனால், அவற்றைக் கொன்றால் மட்டுமே கிடைக்கும் சில பொருள்களும் கிடைக்காது. சாப்பிடாமலே இருந்தால் ஈஸியில் 10 இதயங்களில் 5 வரை குறையும். நார்மலில் அரை இதயம்தான் மிஞ்சும். ஹார்டில் உயிரே போய்விடும். அங்கே ஸோம்பிகள் மரக்கதவைக்கூட உடைத்துக்கொண்டு வரும். ஹார்ட்கோர் தவிர மற்ற உலகங்களில் இந்த அளவை நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம். எனவே ஈஸியில் தொடங்கி, கை பழகியதும் ஏற்றுங்கள்.

சீட் எண் எதற்கு?

சீட் என்பது உலகத்தின் விதை. மலை எங்கே, கடல் எங்கே, கிராமம் எங்கே என்பதையெல்லாம் இந்த எண்தான் தீர்மானிக்கிறது. காலியாக விட்டால் கேமே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். அக்காவும் தம்பியும் தனித்தனி மொபைலில் ஒரே பதிப்பில் ஒரே சீட் போட்டால், இருவருக்கும் ஒரே நிலப்பரப்பு கிடைக்கும். ‘உன் உலகம்தான் நல்லா இருக்கு’ என்ற சண்டை தீர்ந்தது! உலகம் உருவான பிறகு சீட்டை மாற்ற முடியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

திரும்பப் பெற முடியாத பட்டன்

செத்துப்போனால் கையிலிருந்த பொருள்கள் கீழே விழும். 5 நிமிடத்தில் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். எரிமலைக் குழம்பில் விழுந்தால் அந்த 5 நிமிடமும் கிடையாது. இதைத் தடுக்கத்தான் ‘கீப் இன்வென்டரி’ இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மொபைலில் ஆடும் பெட்ராக் பதிப்பில் இது ‘சீட்ஸ்’ பகுதியில் வருகிறது. அதை ஆன் செய்தால் அந்த உலகத்தில் ‘அச்சீவ்மென்ட்ஸ்’ எனும் சாதனைப் பட்டியல் நின்றுவிடும். மறுபடி ஆஃப் செய்தாலும் திரும்ப வராது. கிரியேட்டிவுக்கு மாற்றினாலும் இதே கதிதான்.

பட்டியலைவிட நிம்மதி முக்கியம் என்றால் தயங்காமல் ஆன் செய்யலாம். இரண்டும் வேண்டுமென்றால், முதலில் உலகத்துக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் சோதித்துப் பாருங்கள். வழி தவறாமல் இருக்க ‘ஷோ கோஆர்டினேட்ஸ்’, தொடக்கத்தில் கைகொடுக்க ‘போனஸ் செஸ்ட்’ இரண்டையும் ஆன் செய்யலாம். இவற்றால் சாதனைப் பட்டியலுக்குப் பாதிப்பில்லை.

பெற்றோர் பார்க்கவேண்டியது

மல்டிபிளேயர் பகுதியில் யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி இருக்கும். ‘நண்பர்களின் நண்பர்கள்’ என்று விட்டால் பிள்ளைக்கு அறிமுகமே இல்லாதவர்களும் நுழையலாம். ‘அழைத்தவர்கள் மட்டும்’ என்பது பாதுகாப்பானது. புதிதாக வருபவருக்கு ‘விசிட்டர்’ அனுமதி கொடுத்தால் சுற்றிப் பார்க்கலாம், எதையும் உடைக்க முடியாது. அண்ணன் தம்பி சேர்ந்து ஆடினால் ‘ஃபிரெண்ட்லி ஃபயர்’ ஆப்ஷனை ஆஃப் செய்துவிடுங்கள். ஒருவர் அடி இன்னொருவர் மேல் படாது.

கடைசியாக ஒன்று. ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று அப்பா அந்த ஆப்பை நீக்கினால், மொபைலில் இருந்த உலகமும் சேர்ந்தே அழிந்துவிடக்கூடும். அதற்கு முன் ‘எக்ஸ்போர்ட் வேர்ல்டு’ கொடுத்து வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு அது சில எம்.பி. இடம். பிள்ளைக்கோ கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டிய வீடு.