கை முறுக்கின் கணக்கு

நங்கநல்லூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் அநேகர் ஆஞ்சநேய சுவாமியைத் தரிசிக்க வருகிறவர்களே. 32 அடி உயரமுள்ள அந்த மூர்த்தியின் முன்னால் நின்றால், உலகத்துக் கவலையெல்லாம் சிறிதாகிவிடும். ஆனால் கோவிலை விட்டுத் தெருவில் நாலடி நடந்ததும் பசி என்னும் கவலை மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் அந்த ஊர்க் காற்றுத்தான். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து முறுக்கு வேகும் மணம். அடுத்த வீட்டிலிருந்து மிளகாயும் பெருங்காயமும் வறுபடும் மணம். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் மாடிக்கு மாடி வடாம்.

2011-ல் சென்னை மாநகராட்சியில் சேரும்வரை இந்த ஊர் ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்ததாக இருந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் விரும்பிக் குடியேறிய ஊர் இது. கையில் தொழில் தெரிந்தவர்களுக்கு இங்கே அவகாசம் உண்டு. அவகாசம் இல்லாதவர்களுக்கோ நாவில் ருசி உண்டு. கல்யாணத்துக்குச் சீர் பக்ஷணம், கோகுலாஷ்டமிக்குச் சீடை, அமெரிக்காவிலுள்ள பிள்ளைக்குப் பருப்புப் பொடி என்று, இந்த இரு சாராருக்கும் இடையே ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் விளம்பரப் பலகை கிடையாது, வாய்மொழியே விளம்பரம்.

இந்த வியாபாரத்தைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுண்டு. "வீட்டில் செய்கிற பண்டத்துக்கு ஏன் இவ்வளவு விலை? கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மாமி!" என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மின்சார விளக்கு போட்டு விற்கும் கடையில், எழுதியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவர்களே இப்படிக் கேட்கிறார்கள்.

கை முறுக்கையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். ஈரம் முழுவதும் போய்விடக்கூடாது, இருந்துவிடவும் கூடாது. பிறகு அரைத்து, சலித்து, வறுத்தரைத்த உளுந்து மாவும் வெண்ணெயும் சீரகமும் சேர்த்துப் பிசைய வேண்டும். தண்ணீர் கூடினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். குறைந்தால் சுற்றும்போதே விண்டுபோகும். அதற்குப் பிறகுதான் அசல் வித்தை ஆரம்பம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மாவை முறுக்கிக்கொண்டே வளைத்துச் செல்ல வேண்டும். ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று போகப் போக, சுற்றுக்குச் சுற்று ஒரே கனம் இருக்க வேண்டும். எண்ணெயில் இட்டதும் எழும் சலசலப்பு எப்பொழுது அடங்குகிறதென்று காதால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

1951-ல் வெளிவந்த மீனாக்ஷி அம்மாளின் 'சமைத்துப் பார்' எத்தனையோ புதுமணப் பெண்களுக்கு அடுப்படியில் குருவாக இருந்திருக்கிறது. ஆயினும் அளவைத்தான் புத்தகத்தில் அச்சிடலாம். விரலின் பழக்கத்தை அச்சிட முடியாது. அது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழக வேண்டியது.

நாம் உபாத்தியாயர்களானபடியால், இதை ஒரு வகுப்புக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறோம். ஒரு பெண்மணி ஏழு மணி நேரம் உழைத்து நாலு கிலோ முறுக்குச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிலோ விலை 400 ரூபாய். சாமானுக்கும் அடுப்புக்கும் 300 ரூபாய் போக, கூலி 100 ரூபாய். நாம் பேரம் பேசிக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைக்கிறோம். நமக்குக் கிடைத்த லாபம் விலையில் எட்டில் ஒரு பங்கு. அவள் இழந்ததோ கூலியில் சரிபாதி! வெண்ணெய்க்காரரும் எண்ணெய்க்காரரும் ஒரு காசு விடமாட்டார்கள். ஏழு மணி நேர உழைப்புக்கு மிஞ்சுவது 200 ரூபாய். மணிக்கு 30 ரூபாய்கூடத் தேறாது. மாவரைக்க ஓர் உதவியாள் இருந்தால், அந்த ஏழையின் கூலியிலும் நம் பேரம் கைவைத்துவிடுகிறது.

வீட்டு வேலைக்கும் விலை உண்டென்று நாட்டுக்குக் காட்டியவர்கள் பம்பாயில் ஏழு பெண்கள். 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மாடியில், 80 ரூபாய் கடன் வாங்கி அவர்கள் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் செய்தது நாலே கட்டு. அதுவே லிஜ்ஜத் ஸ்தாபனமாக வளர்ந்து, 40,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குப் பிழைப்பளித்திருக்கிறது. காலையில் பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் இட்டு உலர்த்தி, கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். விசேஷம் என்னவென்றால், அவர்கள் கூலிக்காரர்கள் மட்டுமல்ல, சொந்தக்காரர்களும் அவர்களே. 1966-ல் கதர் கிராமத் தொழில் கமிஷன் இதற்கு அங்கீகாரம் அளித்தது.

இதன் வேர் இன்னும் பழையது. 1934-ல் மகாத்மா காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஸ்தாபித்தபோது, அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்குத்தலரிசியும் செக்கெண்ணெயும் அவருக்கு வெறும் ருசி விஷயங்களல்ல. பொருளின் விலையில் உழைத்தவரின் பங்கு என்ன என்பதே அவர் எழுப்பிய கேள்வி. முறுக்குத் தட்டின் முன்னாலும் நாம் கேட்க வேண்டியது அதுவே.

செய்கிறவர்களுக்கும் கடமை உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-ல் விதிகள் வந்தபோது சிறு உற்பத்தியாளருக்கு விதித்த கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ஒரு முறை பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சாமலும், செய்த தேதியைப் பொட்டலத்தில் எழுதியும் கொடுத்தால், சொன்ன விலையை நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு நம்முடைய விண்ணப்பம் இரண்டு. பண்டம் நன்றாயில்லையென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். நன்றாயிருந்தால் பேரம் பேசாதீர்கள். அடுத்த முறை போகும்போது உங்கள் பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துச் சென்று, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில் மாவு விண்டுபோகும். அப்பொழுது விலை அதிகமா, குறைவா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.