தூங்கினாலும் எழுப்புங்கள்

வளவுத் திண்ணையிலிருந்து குதித்த என் மகனுக்கு முழங்கைக்கு மேல் எலும்பு முறிவு. கம்பி வைத்து, மாவுக்கட்டோடு காரைக்குடி வீட்டுக்கு வந்தோம்.

முதல் ராத்திரி, தூங்குகிறானே என்று மருந்தைத் தள்ளிப்போட்டேன். இரண்டு மணிக்கு வளவே விழிக்கும்படி அலறினான். முற்றிய வலி லேசில் அடங்குமா? மறுநாளிலிருந்து எழுப்பியே கொடுத்தேன்: 20 கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் டாக்டர் எழுதிய பாராசிட்டமால் 300 மி.கி., ஆறு மணிக்கொரு தரம். கை தலையணைமேல், நெஞ்சைவிட உயரத்தில்.

அவன் அப்பத்தா, "இதைக் கொடேன் ஆத்தா" என்று தன் நிமெசுலைடை நீட்டினார். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை 2011-லேயே தடை செய்தாயிற்று! பல்லாங்குழியை எடுத்து வரச் சொன்னேன். இடக்கையால் ஆடியே பாதி வலியை மறந்தான்.

மருந்துக்குப் பிறகும் வலி ஏறினால், விரல் வெளிறினால், மரத்தால், விரலை நீட்டிவிட்டாலே கத்தினால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். உள்ளே ரத்த ஓட்டம் தடைபடலாம். ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.