திரும்பி வருவேன் என்பதற்கு என்ன சான்று?

அடுத்த மாதம் ஆறு நாள் பயணமாக ஜெர்மனி போகிறேன். ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைத்திருக்கிறார்கள். விமானச் சீட்டும் தங்குமிடமும் அவர்கள் செலவு. எனக்கு வயது 36. எங்கள் காலனியிலிருந்து வெளிநாடு போனவர்கள் உண்டு. ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கட்டட வேலைக்குக் கூட்டமாகப் போனவர்கள். கட்டுரை வாசிக்க, அதுவும் ஒரு பெண் தனியாக, இதுவரை யாரும் போனதில்லை. மூன்று வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

இது என் கூச்ச சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவரும் சென்ற ஆண்டு முதல்முறையாக வெளிநாடு போனார். அவரிடம் பதற்றமே இல்லை. சித்தப்பா ஒருவர் அங்கே இருக்கிறார், ஒன்றுவிட்ட அக்காள் இன்னொரு நாட்டில். ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் முடிந்தது. நானோ, விமானம் மாறும் இடத்தில் பெட்டியை எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள இரவு இரண்டு மணி வரை யூடியூப் பார்த்தேன். அவர் துணிச்சல்காரர், நான் கோழை என்பதல்ல இதன் பொருள். அவருக்குக் கேட்க ஆள் இருந்தது. சாதி என்பது நிலமும் பணமும் மட்டுமல்ல, கேட்க ஆள் இருப்பதும்தான். அந்தச் சொத்தும் இங்கே பரம்பரையாகத்தான் வருகிறது.

விசாவுக்கு விண்ணப்பிக்க உதவியவர் ஒரு பட்டியல் கொடுத்தார். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று. கடைசியாக, “சொத்துப் பத்திரம் ஏதாவது இருந்தா கொண்டாங்க மேடம். நீங்க திரும்பி வருவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும்” என்றார். ஷெங்கன் விசாவை மறுக்கும் படிவத்தில் அப்படி ஒரு காரணமே அச்சிடப்பட்டிருக்கிறது: விசாக் காலம் முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதில் ஐயம்.

அப்பாவிடம் கேட்டேன். “நம்மகிட்ட ஏதும்மா பத்திரம்?” என்று சிரித்தார். ஐம்பது வருடம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். எங்களிடம் இருப்பது அரசு கொடுத்த மூன்று சென்ட் இலவச மனைப்பட்டா. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் எங்கள் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்தப் பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் வேர் இருக்கிறதா என்று கேட்கிறது படிவம். தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிளறியவரிடம் அதற்குச் சான்று இல்லை. மண்ணை எழுதி வாங்கியவரிடம் இருக்கிறது.

நான் கௌரவ விரிவுரையாளர். நிரந்தர வேலை என்றும் காட்ட முடியாது. கல்லூரி கொடுத்த ஒரு கடிதத்தையும் மூன்று சென்ட் பட்டாவின் நகலையும் வைத்தேன். விசா வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்தது பெயர். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. தமிழ்நாடு பெருமளவு நீக்கியது. அதனால் நம்மில் பலருக்கு அந்தக் கட்டம் காலி. உலகமோ இதைக் குறையாகப் பார்க்கிறது. ஒற்றைப் பெயர்க்காரர்களின் அமெரிக்க விசாவில் ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்துகள் விழுகின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயரோடு வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பிறகு கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. “கம்யூனிட்டி டைட்டில் இருந்தா போடுங்க” என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். நான் அப்பா பெயரைப் போட்டேன். நூறு ஆண்டுப் போராட்டத்தை ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கரின் நினைவுக் குறிப்புகளுக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பெயர். 1901இல் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும், பெரியவர் துணையின்றி, அப்பாவைப் பார்க்க ரயிலேறிய கதை அதில் வருகிறது. முன்பு படித்தபோது, சாதி தெரிந்ததும் விலகிப்போன ஸ்டேஷன் மாஸ்டரும், இரட்டைக் கூலி பேசி வண்டியைப் பிள்ளைகளையே ஓட்டச் சொன்ன வண்டிக்காரரும்தான் மனதில் நின்றார்கள். இப்போது படித்தால் அந்தப் பிள்ளைகளின் தயாரிப்புதான் கண்ணில் படுகிறது. புதுச் சட்டை, மின்னும் தொப்பி, புதுக் காலணி, பட்டுக்கரை வேட்டி. எல்லாம் சரியாகத்தான் எடுத்து வைத்தார்கள். எடுத்து வைக்காத ஒன்று அவர்களுக்கு முன்பே நிலையத்தில் காத்திருந்தது. 1913இல் 22 வயதில் அவர் நியூயார்க் போனார். அங்கே கிடைத்த அறை, படித்துத் திரும்பிய பிறகு பரோடாவில் கிடைக்கவில்லை.

ஜெர்மானியர் யாரும் என் சாதியைக் கேட்கப் போவதில்லை. நிறம் பார்க்கலாம், அது வேறு கதை. ஆனால் “முழுப் பெயர் என்ன?”, “வெஜ்ஜா?” என்று கேட்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டி வந்ததே, அது ஏன்? கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஆச்சாரக்காரர்கள் பயந்தார்கள். அவர்கள் பயந்தது நடக்கவில்லை.

எனவே முதல்முறை போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பயம் உங்கள் குறை அல்ல. போய்வந்த தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுதுங்கள். கோட்பாடு வேண்டாம். எந்த வரிசையில் நிற்க வேண்டும், அதிகாரி என்ன கேட்பார், கையில் எவ்வளவு யூரோ வேண்டும், குளிருக்கு என்ன சட்டை, அதை எங்கே மலிவாக வாங்கலாம் என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கு வீட்டு வரவேற்பறையில் கிடைக்கும் அறிவு இது. நமக்கு இயக்கம்தான் வீடு. இங்கேதான் கிடைக்க வேண்டும்.

நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருகிறேன். போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து, “மிஸ், பாஸ்போர்ட் எடுக்க எவ்வளவு ஆகும்?” என்றாள். “1,500 ரூபாய்” என்றேன். மறுநாள் இன்னும் நான்கு பேரை அழைத்து வந்தாள். நான் திரும்பி வருவேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் சான்று இவர்கள்தான். விண்ணப்பத்தில் இதை இணைக்க இடமில்லை.