எந்த மரக்காலால் அளப்பது?

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பூவை முழம் போட்டு அளக்கிறோம். ஒரு நாட்டின் ஆராய்ச்சியை எதனால் அளப்பது? விந்தையான வினாவாகத் தோன்றலாம். ஆனால் இதற்கென்றே அறிவியல் அளவையியல் என்றொரு துறை வளர்ந்து நிற்கிறது. நூலகப் பணிகளைக் கணக்கியலால் அளந்தறிய வேண்டும் என்று 1948-லேயே சொன்னவர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1964-இல் அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று எண்ணுவது அதன்பின் எளிதாயிற்று.

இன்று நுண்ணுயிரியலிலும் உயிரித் தொழில்நுட்பவியலிலும் ஒரு நாட்டின் நிலையைச் சொல்ல வருவோர் கட்டுரைகளை எண்ணுகின்றனர், மேற்கோள்களை எண்ணுகின்றனர், இரு நாட்டு முகவரிகள் சேர்ந்து நிற்கும் கட்டுரைகளை எண்ணி, இதுவே கூட்டாய்வின் அளவு என்கின்றனர். எண்ணுவது தவறென்று சொல்ல வரவில்லை. எண்ணாமல் விட்டால், உரக்கப் பேசுகிறவரின் ஆராய்ச்சியே பெரிதென்றாகிவிடும். ஆயினும் இந்த மரக்காலை நம் மண்ணில் ஒருமுறை வைத்துப் பார்ப்போமே!

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகிய மூன்றும் கைகோத்த பணி அது. 1971-க்குள் சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குத் தடுப்பு மருந்து. சிலருக்கு மருந்தில்லாத வெறும் கரைசல். எவருக்கு எது என்பது போட்டவருக்கே தெரியாது. பிறகு 15 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்துத் தொடர்ந்தனர்.

முடிவு உலகையே திகைக்க வைத்தது. நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களுக்கு அந்த ஊசி காப்பளிக்கவில்லை. சிறுவர்க்குக் கிடைத்த காப்பும் சிறிதே. நம் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்கள் முன்பே மக்கள் உடலில் ஓரளவு எதிர்ப்பை ஊட்டியிருக்கலாம், அதனால் ஊசியின் பயன் வெளித் தெரியாமல் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பிறந்த குழந்தைகளுக்கு, மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளைத் தடுக்க, இன்றும் அது போடப்படுகிறது.

1980-இல் இந்திய மருத்துவ ஆய்விதழின் இணைப்பாக அறிக்கை வந்தது. ஆசிரியர் யார்? தனிமனிதர் எவருமில்லை, காசநோய்த் தடுப்பு ஆய்வு, சென்னை என்ற பெயரே நிற்கிறது. கணக்கெடுப்பவர் ஏட்டில் இது ஒரு கட்டுரை, ஓர் ஊர் முகவரி. ஆகவே பன்னாட்டுக் கூட்டாய்வு அன்று! கை நீட்டிய இரண்டரை இலட்சம் பேரை எழுதிக்கொள்ள அந்த ஏட்டில் கட்டமே கிடையாது. ஊர்ப்பெயரும் ஒரு வேடிக்கை. உலக நூல்கள் செங்கல்பட்டு ஆய்வு என்றே குறிக்கின்றன. அவ்வூர்களோ 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு இருக்கிறது. 1987-இல் தோன்றிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அங்கேதான். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் இறால் பண்ணைகளை வாரிச் சுருட்டியது. அந்த வைரஸைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைப் பெட்டியை இந்நிறுவனத்தார் உருவாக்கினர். நோயில்லாத குஞ்சுதானா என்று பார்த்துக் குளத்தில் விடுபவர் கட்டுரை எழுதுவதில்லை, மேற்கோள் காட்டுவதுமில்லை. அவருடைய ஆதாயத்தை எந்த அட்டவணையில் தேடுவது?

கல்லூரிகளின் தேசியத் தரவரிசையிலும் இன்று கட்டுரையும் மேற்கோளும் எண்ணப்படுகின்றன. எண்ணட்டும். அதனருகே இன்னொரு பத்தி வேண்டும் என்பதே என் கட்சி: ஆய்வு எந்த ஊரில் நடந்தது, யார் உழைத்தனர், யார் பயன்படுத்தினர் என்று எழுதும் பத்தி. நம் நுண்ணுயிரியல் மாணவரே இதைத் தொடங்கலாம். அன்று சிறுவராய் ஊசி போட்டுக்கொண்டோர் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில் இன்று தாத்தா பாட்டிகளாய் இருக்கின்றனர். ஒரு விடுமுறையில் சென்று, நினைவிருப்பதைக் கேட்டு எழுதி வந்தால், அடுத்த ஆண்டு மலரில் முதற்கட்டுரையாகப் போடலாம்.